வளையத்தை எங்கே நின்று எறிகிறீர்கள்?

சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனவர்கள் அந்தக் கடையைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டார்கள். தரையில் வரிசையாக சோப்பு, பவுடர் டின், பீங்கான் கோப்பை, நடுவில் ஆசை காட்ட ஒரு சுவர்க் கடிகாரம். காசு கொடுத்தால் கையில் நாலைந்து வளையம். குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கும். அதற்கு இந்தப் பக்கம் நின்றுதான் எறிய வேண்டும்.

கயிற்றை அவிழ்த்துவிட்டு, "எங்கே வேண்டுமானாலும் நின்று எறியுங்கள்" என்று சொன்னால் மனிதர்கள் எங்கே போய் நிற்பார்கள்?

ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டேவிட் மெக்லேலண்ட் இதையே ஒரு சோதனையாக வைத்துப் பார்த்தவர். நட்டு வைத்த முளையை ஒட்டி நின்று, வளையத்தைச் சும்மா கீழே போடுகிறவர்கள் சிலர். தோற்கவே மாட்டார்கள். எட்டப் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டு வீசுகிறவர்கள் சிலர். விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. மூன்றாவது வகையினர் நடுத்தரமான ஒரு தூரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். கஷ்டம்தான், ஆனால் கை பழகினால் விழும் என்ற தூரம். சொந்தத் தொழிலில் நிலைக்கிற மனம் இந்த மூன்றாவது ரகம்தான் என்றார் மெக்லேலண்ட்.

இதைச் சொல்லிவிட்டு அவர் அமெரிக்காவிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. 1964ல் ஆந்திரத்தின் காக்கிநாடாவுக்கு வந்தார். அந்த ஊர்க் கடைக்காரர்கள், சிறு தொழில் நடத்துகிறவர்கள் என ஒரு கூட்டத்தைச் சேர்த்து, ஹைதராபாத்தில் அப்போது இயங்கிய சிறு தொழில் பயிற்சி நிறுவனத்தில் தங்க வைத்துப் பயிற்சி தந்தார்கள். கணக்கு எழுதுவதையோ சரக்கு வாங்குவதையோ சொல்லித்தரும் வகுப்பல்ல அது. எந்தத் தூரத்தில் நிற்பது, எவ்வளவு இலக்கு வைப்பது, நேற்றைய எறியிலிருந்து இன்று என்ன தெரிந்துகொள்வது என்று மனத்தைப் பழக்குகிற பயிற்சி. ஊர் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், பயிற்சிக்கு வராதவர்களைவிட அவர்கள் அதிகமாகப் புதுத் தொழில் தொடங்கினார்கள், அதிகமாக முதல் போட்டார்கள், ஆள் சேர்த்தார்கள். 1969ல் டேவிட் விண்டருடன் சேர்ந்து இதைப் புத்தகமாகவே எழுதினார் மெக்லேலண்ட்.

லைசென்ஸும் கோட்டாவும் ஆட்சி செய்த காலத்தில் மனப்பயிற்சி ஒன்றே எல்லாவற்றையும் மாற்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தச் சோதனை ஒரு பழைய பேச்சுக்குப் பதில் சொன்னது. "வியாபாரம் ரத்தத்துல இருக்கணும் சார்" என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அந்தப் பேச்சுக்கு. நிற்கிற தூரத்தைக் கற்றுக்கொள்ள முடியும்.

வாயுள்ள பிள்ளை

தொழிலுக்கு ஏற்ற குணம் எது என்று எந்த வீட்டுத் திண்ணையில் கேட்டாலும் முதலில் வரும் பதில், பேச்சு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையை, "இவன் ஒரு உத்தியோகத்துக்குத்தான் லாயக்கு" என்று பத்து வயதிலேயே தீர்ப்பெழுதி ஒதுக்கிவிடுவோம்.

ஹாவ் ஜாவோ, ஸ்காட் சீபர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தொழில் தொடங்கியவர்களையும் சம்பளத்துக்கு நிர்வாகம் செய்யும் மேலாளர்களையும் ஒப்பிட்டு வந்த ஆய்வுகளைத் திரட்டி 2006ல் ஒரு கணக்குப் போட்டார்கள். கலகலப்பாகப் பழகும் குணத்தில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடங்களில் இருந்தது. எடுத்ததை முடிக்கும் விடாப்பிடி, புதியதைக் கண்டு மிரளாத மனம், சட்டென்று கலங்காத நிதானம் ஆகியவை தொழில் தொடங்கியவர்களிடம் கூடுதல். ஒன்றில் மட்டும் அவர்கள் குறைவு. எல்லோருக்கும் இணங்கிப் போவதில்.

இந்தக் கடைசிச் செய்தி நம் மளிகைக் கடைக்காரர்களுக்குப் புதிதல்ல. 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகை எதற்கு? மச்சான் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்ல வாய் வராதவர், அந்த வேலையைப் பலகையிடம் ஒப்படைத்திருக்கிறார். ஐந்தே ஐந்து நிமிடம் இணக்கமில்லாதவராக இருப்பதற்குத் தமிழ்நாடு கண்டுபிடித்த மலிவான கருவி அது.

கெவின்கேர் நிறுவனர் சி.கே.ரங்கநாதன் படிப்பில் சுமாரான பிள்ளை. அண்ணன்மார் நன்றாகப் படிக்க, இவர் புறாவும் மீனும் வளர்த்துக்கொண்டிருந்தவர். 1983ல் குடும்பத் தொழிலில் கருத்து வேறுபாடு வந்தபோது, 15,000 ரூபாயோடு தனியே வந்து ஷாம்பு பாக்கெட் போடத் தொடங்கினார். அப்பா சின்னி கிருஷ்ணனின் பெயரைச் சுருக்கித்தான் 'சிக்' வந்தது. காலி ஷாம்பு பாக்கெட் ஐந்தைக் கொண்டு வந்தால் ஒரு புது பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். எந்த கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி. வாங்குகிறவர்கள் பழகிய பிறகு, காலி 'சிக்' பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். மேடையில் முழங்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இதில் எங்கே வருகிறது? குப்பையில் கிடக்கும் பாக்கெட்டைப் பார்க்கிற கண்தான் வேண்டியிருந்தது.

ஐம்பது பைசா

சரி, தன்னம்பிக்கை? அது இல்லாமல் முதல் படியே ஏற முடியாதே?

இங்கேதான் நம் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. முதலில் நம்பிக்கையை ஏற்றிக்கொள், பிறகு தொழிலில் இறங்கு என்கிறார்கள். அரங்கை விட்டு வெளியே வந்து பஸ் ஏறுவதற்குள் இறங்கிவிடுகிற நம்பிக்கை அது. 'என்னால் இந்தக் குறிப்பிட்ட வேலையைச் செய்துவிட முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977ல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து பார்த்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் ஜெயிப்பதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பும் மனசும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதுதான் வலுவானது. அதாவது நம்பிக்கை என்பது கையில் எடுத்துக்கொண்டு போகும் முதல் அல்ல, பெரும்பாலும் கல்லாவில் விழுகிற வரவு.

பாட்ரிசியா நாராயண் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1982ல் மெரினா கடற்கரையில் தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் முழுக்க நின்றும் விற்றது ஒரே ஒரு காபி. வரவு ஐம்பது பைசா. மறுநாள் போக மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார். ஒரு காபியாவது போயிற்றே, நாளை இன்னும் நன்றாகப் போகும் என்று தேற்றி அனுப்பியவர் அம்மா. அடுத்த நாள் விற்பனை 600 ரூபாயைத் தாண்டியது. பிறகு அலுவலக கேன்டீன்கள், உணவகங்கள் என்று வளர்ந்து, 2010ல் தேசிய அளவில் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது வாங்கினார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அம்மாவின் வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய பகுதி முக்கியமாகப் படுகிறது. மெரினாவுக்கு வரும் முன்பே அவர் வீட்டில் ஊறுகாயும் ஜாமும் செய்து, அம்மாவின் அலுவலகத்தில் விற்றுத் தீர்த்திருந்தார். கையின் ருசிக்குக் காசு கொடுக்க ஆள் உண்டு என்று ஏற்கெனவே தெரியும். அந்தச் சின்ன வெற்றி உள்ளே இல்லாவிட்டால், அம்மாவின் ஆறுதல் வெறும் ஆறுதலாகவே போயிருக்கும்.

மனப்பழக்கத்தைச் சொல்லித்தர முடியும் என்பதற்குக் காக்கிநாடாவைவிடப் பலமான சாட்சி 2017ல் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்ற சிறிய நாடு. தலைநகர் லோமேயில் 1,500 சிறு வியாபாரிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு கணக்கு, சந்தை, நிர்வாகம் என்று வழக்கமான வகுப்பு. இன்னொரு குழுவுக்கு மனப்பாங்கு வகுப்பு: யாரும் சொல்லாமல் தானே தொடங்கு, பக்கத்துக் கடையைக் காப்பியடிக்காதே, நாளை வரப்போகும் சிக்கலை இன்றே யோசி, தடங்கல் வந்தால் சுற்றிப் போ. மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. வகுப்பு மொத்தம் 36 மணி நேரம்தான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மனப்பாங்கு வகுப்பு படித்தவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. பெண்களுக்கு 40 சதவீதம். கணக்கு வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு 11 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவில். முடிவுகள் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தன.

மானியக் கடன் வாங்குவதற்கு முன் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களே, அந்த வகுப்புகளை வடிவமைப்பவர்கள் இந்த 36 மணி நேரத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

எனக்குப் பத்து, அடுத்தவனுக்கு ஐந்து

நம்பிக்கை குறைந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினால்?

அமெரிக்காவில் புதிதாகத் தொழில் தொடங்கிய 2,994 பேரிடம் ஆர்னால்டு கூப்பரும் அவருடைய சகாக்களும் கேட்டு 1988ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உங்கள் தொழில் ஜெயிக்க பத்துக்கு எத்தனை வாய்ப்பு என்ற கேள்விக்கு ஏழோ அதற்கு மேலோ என்றவர்கள் 81 சதவீதம். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்றார். சரி, உங்களுடையதைப் போன்ற இன்னொருவர் தொழிலுக்கு என்ன வாய்ப்பு? இதற்கு ஏழோ அதற்கு மேலோ போட்டவர்கள் 39 சதவீதம்தான். சரியாகத் தயாராகி வந்தவரும் தயாராகாமல் வந்தவரும் ஒரே மாதிரி தெம்பாக இருந்தார்கள் என்பதுதான் இதில் வயிற்றைக் கலக்கும் செய்தி.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? இந்தியாவிலிருந்து போய் அமெரிக்காவில் பேராசிரியரான சாரஸ் சரஸ்வதி, நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனிடம் ஆய்வு செய்தவர். அனுபவம் முற்றிய 27 தொழிலதிபர்களிடம் ஒரு கற்பனைத் தொழிலைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் செய்து பதிவு செய்தார். எவ்வளவு லாபம் வரும் என்ற கணிப்பில் அவர்கள் அதிக நேரம் செலவழிக்கவில்லை. 'போனால் எவ்வளவு போகும், அது போனால் தாங்குமா' என்றே பார்த்தார்கள். தாங்கக்கூடிய நஷ்டத்தை முதலில் நிர்ணயிப்பது. நம் பாட்டிமார் கோயில் திருவிழாவில் பேரன் கையில் பத்து ரூபாயைக் கொடுத்து, "இது தீர்ந்தா திரும்பிடணும்" என்று அனுப்புவார்களே, அதே கணக்கு.

கோவைப் பக்கத்து அப்பநாயக்கன்பட்டியில் பிறந்த வேலுமணி, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்து வேலையை விட்டுவிட்டு 1996ல் தைரோகேர் பரிசோதனைக் கூடத்தைத் தொடங்கியபோது போட்ட முதல், பி.எஃப். பணம் ஒரு லட்சம். அவர் வேலையை விட்டதைத்தான் எல்லோரும் வீரம் என்கிறார்கள். அதில் தெரிகிற நிதானம் யார் கண்ணிலும் படுவதில்லை. அந்த ஒரு லட்சம் கரைந்திருந்தாலும் ஊரில் யாருக்கும் அவர் கடனாளி ஆகியிருக்க மாட்டார். முளையிலிருந்து அளந்த தூரம் அது. வீட்டுப் பத்திரத்தையும் மனைவியின் நகையையும் ஒரே நாளில் வைத்துவிட்டு இறங்குகிறவர் எட்டப் போய் நின்று வீசுகிறார். அதை நம்பிக்கை என்று சொல்லாதீர்கள்.

ஷட்டர் சத்தம்

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. 1998ல் நண்பன் ஒருவனோடு சேர்ந்து ஒரு டி.டி.பி. சென்டர் வைத்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரின்டர், அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்த பத்துக்குப் பன்னிரண்டு கடை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பில் புக். நாங்கள் டைப் செய்த எழுத்துரு அச்சகத்து மெஷினில் மாறிப்போய், 'ஸ்ரீ' வர வேண்டிய இடத்தில் ஒரு பட்டைக் கோடு விழுந்து, ஐந்நூறு பத்திரிகை அப்படியே திரும்பி வந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. பெண் வீட்டார் சண்டை போடவில்லை. "மங்கள காரியம் தம்பி" என்று மட்டும் சொன்னார்கள். அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம்.

ஏழெட்டு மாதத்தில் ஒன்று கவனித்தேன். காலையில் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டால் வயிற்றுக்குள் ஏதோ புரளும். ஊதுவத்தி ஏற்றும்போது கை நடுங்கும். இரவில் படுத்தால் கொடுக்க வேண்டிய வாடகையும் வர வேண்டிய பாக்கியும் மாறி மாறிக் கண்ணுக்குள் ஓடும். ஒரு கல்யாண மண்டபக்காரர் பில் புக் அடித்த வகையில் 6,200 ரூபாய் தர வேண்டும். எங்கள் மூன்று மாத வாடகை. "அடுத்த வாரம் வாங்க" என்பதைச் சிரித்த முகத்தோடு பதினோரு முறை சொன்னார்.

பதினான்காவது மாதம் மூடினோம். கடன் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு வருஷம் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். வழியில் பார்க்கிறவர்கள் "எப்படி இருக்கே?" என்று கேட்பதில்லை, "கடை எப்படிப் போகுது?" என்றுதான் கேட்பார்கள். கடை போன பிறகு நான் எப்படி இருக்கிறேன் என்ற கேள்விக்கு என்னிடமே பதில் இல்லாமல் போனது. சம்பளக்காரனுக்கு வேலை போனால் வேலை போகிறது. தொழில் செய்கிறவனுக்குத் தொழில் போனால் பெயரே போகிறது. அவன் பெயரைத்தானே போர்டில் எழுதியிருந்தான்.

இத்தனைக்கும், சொந்தத் தொழில் செய்கிறவர்கள் சம்பளக்காரர்களைவிட வேலையில் அதிக நிறைவு கொள்கிறார்கள் என்று ஜெர்மனி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து மக்களை வைத்து பென்ஸ், ஃப்ரை என்ற இரு பொருளியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பணம் காரணமல்ல, தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம். அதையும் நான் அனுபவித்தேன். முதல் விசிட்டிங் கார்டை வெட்டி எடுத்த அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எந்தச் சம்பள நாளும் எனக்குத் தந்ததில்லை.

ஆனால் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2020ல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட வியாபாரிகள் 11,716 பேர். அதே ஆண்டு விவசாயத் துறையில் அப்படி இறந்தவர்கள் 10,677 பேர். விவசாயியின் சாவை ஊர் பேசுகிறது, பேசத்தான் வேண்டும். கடைக்காரரின் சாவு 'கடன் தொல்லை' என்ற இரண்டு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. 2020 கொரோனா ஆண்டு என்பது உண்மை. ஆனால் முந்தைய ஆண்டும் இப்படி இறந்த வியாபாரிகளின் எண்ணிக்கை ஒன்பதாயிரத்துக்கு மேல்தான்.

மஞ்சள் கடுதாசி

மனநலம் என்றதும் மூச்சுப் பயிற்சி, நடைப்பயிற்சி, நேர மேலாண்மை என்று ஆலோசனை சொல்லப் பலர் இருக்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் சிறு தொழில் செய்கிறவரின் தூக்கத்தைக் கெடுப்பது பாதி நேரம் அவர் மனசு அல்ல, அடுத்தவர் கையில் மாட்டிக்கொண்டிருக்கும் அவருடைய பணம்.

2006ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. பதிவு செய்துகொண்ட குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தைப் பிடித்து வைக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. போதாததற்கு, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்டவும் முடியாது என்று 2023ல் ஒரு திருத்தம் வந்தது. சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் அதைவிடப் பலமாக இருக்கிறது.

தோற்றவர் எழுந்திருக்க வழி உண்டா? பெரிய கம்பெனிகளுக்கு 2016ன் திவால் சட்டம் இருக்கிறது. தன் பெயரில் கடை நடத்தி நொடித்துப் போன சாதாரண ஆளுக்கு இன்னமும் 1920ல் வெள்ளைக்காரன் எழுதிய மாகாண நொடிப்புச் சட்டம்தான். அதன்படி நொடித்துப்போனதாக அறிவிப்பதற்கு ஊர் வழக்கில் பெயர் மஞ்சள் கடுதாசி. 'மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்' என்பது நம் ஊரில் வசைச்சொல். தோற்பது தப்பில்லை என்று மேடையில் கைதட்டுகிற அதே ஊர்தான், தோற்றவனின் தங்கைக்கு வரன் பார்க்கும்போது இதைக் காதோடு சொல்கிறது. இதைச் சரிசெய்யாமல் இளைஞர்களிடம் துணிச்சல் இல்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

ராத்திரித் தூக்கம் போய், பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை அழைக்கலாம். மத்திய அரசின் இலவசச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். கூச்சப்பட ஒன்றும் இல்லை. 1998ல் இப்படி ஒரு எண் இருந்திருந்தால் நான் அழைத்திருப்பேன்.

இன்னும் ஒரு வேண்டுகோள், இது தொழில் செய்யாதவர்களுக்கு. உங்கள் தெருவில் புதிதாகக் கடை போட்ட யாருக்காவது, டெய்லருக்கோ, கேட்டரிங் பெண்ணுக்கோ, பத்திரிகை அடித்துக் கொடுத்த பையனுக்கோ, பாக்கி இருக்கிறதா? இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.